மேற்படியார் எழுதிய 38 நூல்கள்

எமது அயலிலே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்கிறார். எழுபத்தைந்து பிராயத்தைக் கடந்தவர். ஈழத்துத் தமிழ் நூல்களைப் பற்றி இளமை தொட்டுத் தாம் திரட்டிய குறிப்புகளை ஒருங்கு சேர்த்து, உசாத்துணைப் பட்டியல் ஒன்றைக் கணினியிலே தட்டச்சுச் செய்து வைத்திருந்தார். 312 பதிவுகள் கொண்ட பட்டியல் அது. அவருடைய பேர்த்தி பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவள்; தனது ஆய்வேட்டுக்கு அப்பட்டியலைப் பயன்படுத்த விரும்பினாள். அவளுடைய விரிவுரையாளரோ, நூல் விவரங்கள் யாவற்றையும் உசாத்துணைகளை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் ஒன்றிலே சேர்த்துக்கொள்ளும்படி பணித்திருந்தார். அப்பப்பாவின் பட்டியல்தான் கணினியிலே இருக்கின்றதே, அதனை அப்படியே மென்பொருளுக்குள் விட்டால் ஒரு மணித்தியாலத்திலே வேலை முடிந்துவிடும் என்று அவள் எண்ணினாள்.

ஒரு கிழமை கழித்து நாம் அவர்கள் வீட்டுக்குச் சென்றபோது, விறாந்தையிலே மடிக்கணினியின் முன்னே அவள் முகம் வாடி இருந்தாள். முதியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தியும் இறக்கியும் திரையை நோக்கிக்கொண்டிருந்தார. திரையிலே ஆசிரியர் பெயர்களுக்கென ஒரு நிரல் உண்டு. அந்நிரலிலே 'மேற்படி' என்னும் பெயர் பூண்ட ஒருவர் 38 நூல்களை இயற்றியவராக வீற்றிருந்தார்.

"இவ்வளவு எழுதியவருக்கு ஒரு சாகித்தியப் பரிசும் கிடைக்கவில்லையே, பிள்ளை!" என்றார் முதியவர்.

"பகிடி விடாதீங்கோ, அப்பப்பா. எந்தப் புத்தகம் ஆருடையது என்று எனக்கு இப்பத் தெரியாது" என்றாள் அவள்.

நடந்தது இதுவே. ஓர் ஆசிரியர் பல நூல்களை எழுதியிருப்பின், முதற் பதிவிலே மட்டும் அவர் பெயரை எழுதி, அடுத்து வருவனவற்றிலே 'மேற்படி' என்று குறிப்பது நம்மவர் வழக்கம். காணி உறுதிகளிலும் கணக்கேடுகளிலும் 'ஷை' என்று சுருக்கி எழுதுவதும் இதனையே. ஆங்கிலப் பட்டியல்களிலே அவ்விடத்தில் ஒரு நீண்ட கோடு நிற்கும். முதியவரின் பட்டியலிலே 38 இடங்களில் 'மேற்படி' என்னும் சொல்லும், 21 இடங்களிற் கோடும் இருந்தன. பேர்த்தி பட்டியலை அகர வரிசைப்படுத்த எண்ணி, அதற்குரிய பொத்தானை அழுத்தினாள். அக்கணமே கோடிட்ட 21 பதிவுகளும் பட்டியலின் தலைக்கு ஏறின. 'மேற்படி' 38உம் ஓரிடத்திலே குவிந்தன. எல்லாம் சேர்த்து 59 நூல்கள் தம்மைப் பெற்றவர் இன்னாரென்று அறியாத அனாதைகளாயின. அதனைக் கவனியாமல் அவள் மூலக் கோப்பின் மீதே சேமித்தும் விட்டாள்.

கைலாசபதியின் 'பண்டைத் தமிழர் வாழ்வும் வழிபாடும்' 1966இலும், 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968இலும் வெளிவந்தன. இரண்டாவதன் முன்னே 'மேற்படி' என்று இருந்தால் அதற்குரியவரைத் தமிழ் கற்ற எவரும் சொல்லிவிடுவர். ஆனால் கிராமத்துக் கோயிலின் மேல் ஊஞ்சற் பதிகம் பாடிய ஒருவரையோ, 24 பக்கத்திலே சமயக் கண்டனம் எழுதி அச்சிட்ட ஒருவரையோ யார் அறிவர்? முதியவரின் பட்டியலிலே அத்தகைய சிறு வெளியீடுகளே மிகுதி. அன்றியும், அவற்றுட் பலவற்றை அவர் இளம் ஆசிரியராக இருந்த காலத்திலே யாழ்ப்பாணம் பொது நூலகத்தில் இருந்து குறிப்பெடுத்தார். அந்நூலகம் 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்திலே எரிக்கப்பட்டபோது, 90,000க்கு மேற்பட்ட நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. எனவே நூலை மீண்டும் எடுத்துப் பார்த்துத் திருத்திக்கொள்வோம் என்பது பல பதிவுகளுக்கு இயலாத காரியம். அவருடைய ஒரு வரிக் குறிப்பே சில நூல்களுக்கு எஞ்சிய சாட்சி. அந்த வரியிலே ஆசிரியரின் பெயர் பிரிந்து போவது சிறு பிழையன்று.

அன்று மாலை தொடங்கி நான்கு மாலைகள் நாமும் அவர்களுடன் இருந்து அப்பட்டியலைச் சீர்ப்படுத்தினோம். இவ்வேலை இன்று வீடுதோறும் மாணவர்க்கு நேர்வதாகலின், அதனைச் சற்று விரித்து எழுதுதல் பயனுடைத்து என எண்ணுகிறோம்.

முதலிலே இம்மென்பொருள் செய்வது யாதெனக் கூறுவோம். சொட்டேரோ, எண்ட்நோட், மெண்டலே என்பன இவ்வகையிலே பலரும் அறிந்தவை. சொட்டேரோ அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்திலுள்ள ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழகத்திலே உருவாகி 2006இல் வெளிவந்தது, விலையின்றிக் கிடைப்பது. எமது மாணவியும் அதனையே தெரிந்துகொண்டாள். இவை ஒவ்வொரு நூலின் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, இடம், வெளியீட்டாளர் என்னும் விவரங்களைத் தனித்தனி அறைகளிலே வைத்துக் காப்பன. ஆய்வேட்டை எழுதும்போது வேண்டிய நூலைச் சுட்டினால், மேற்கோட் குறிப்பையும் இறுதிப் பட்டியலையும் தாமே அமைத்துத் தரும். ஒரு சஞ்சிகை ஆண்டை முன்னே கேட்கும். மற்றொன்று பின்னே கேட்கும். அந்த மாற்றத்தைக் கையாற் செய்பவர் படும் பாட்டை நாம் அறிவோம். மென்பொருள் அதனை ஒரு நொடியிலே செய்யும்.

ஆயினும் வேர்ட் கோப்பிலே அழகுறத் தட்டச்சுச் செய்த பட்டியலை அது நேரே உட்கொள்ளாது. பட்டியல் என்பது கண்ணுக்காக அமைந்தது. சாய்ந்த எழுத்தாயின் நூலின் பெயர் என்றும், கோடாயின் மேலுள்ளவர் என்றும், வரி உள்ளே தள்ளி நின்றால் முன்னைய பதிவின் தொடர்ச்சி என்றும் கண் உணர்ந்துகொள்கிறது. இவற்றுள் எதனையும் மென்பொருள் உணராது. பெயரிட்ட அறைகளிலே விவரத்தை இட்டுக் கொடுத்தாலன்றி அதற்கு ஒன்றும் விளங்காது. ஆகவே கண் ஊகித்து அறிந்தவற்றை எல்லாம் எழுத்திலே வெளிப்பட எழுதிய பின்னரே பட்டியலை அதனிடம் ஒப்படைத்தல் வேண்டும். மாணவி அந்த வேலையைப் பின்னுக்கு வைத்தாள். அதனாலே வந்தது இவ்வினை.

இவ்விடத்திலே ஒரு விலக்கைக் கூறிவிடுகிறோம். கிடைத்த வேர்ட் கோப்பு, இத்தகைய மென்பொருளின் துணைகொண்டே எழுதப்பட்டதாயின், மேற்கோள்களின் அடியிலே விவரங்கள் மறைந்து கிடக்கும். அப்படியானால் கோப்பை எழுதியவரிடம் அவருடைய தொகுப்பையே கேட்டுப் பெறலாம். கீழே சொல்வன ஒன்றும் வேண்டியதில்லை. முதியவரின் பட்டியல் அத்தகையதன்று.

நாம் முதலிற் செய்தது கோப்பைப் பிரதி பண்ணியது. இரண்டாவது செய்தது ஒவ்வொரு பதிவின் தலையிலும் ஒரு வரிசை எண் இட்டது. வேர்ட் தானாக இடும் எண் இதற்கு உதவாது. வரிகள் இடம் மாறினால் அந்த எண்ணும் மாறிவிடும். எழுத்தாகவே தட்டச்சுச் செய்த எண்ணாக இருத்தல் வேண்டும். பட்டியலை எத்தனை கூறாகப் பிரித்தாலும், எவ்வாறு கலைத்தாலும், அந்த எண்ணைப் பற்றி மீண்டும் பழைய ஒழுங்குக்கு வரலாம். மாணவி பொத்தானை அழுத்துமுன் இந்த ஒன்றைச் செய்திருந்தால் நான்கு மாலைகளுள் இரண்டு மிஞ்சியிருக்கும்.

பழைய ஒழுங்கை மீட்க எமக்குக் கைகொடுத்தது கடதாசி. முதியவர் சில ஆண்டுகளுக்கு முன் அச்செடுத்த பிரதி ஒன்று அலுமாரியிலே கிடந்தது. தேநீர்க் கறையும் பூச்சியரித்த துளையும் அதில் இருந்தன. எனினும் பதிவுகளின் ஒழுங்கு பழுதின்றி இருந்தது. அதனைப் பார்த்து 51 அனாதைகளை உரியவரிடம் சேர்த்தோம். எஞ்சிய எட்டும் அச்செடுத்த பின்னர் சேர்க்கப்பட்டவை. அவற்றுள் ஆறினை வீட்டிலிருந்த நூல்களைக் கொண்டும் முதியவரின் நினைவைக் கொண்டும் தீர்த்தோம். இரண்டு நின்றன. அவற்றைப் பிறகு சொல்வோம்.

பெயர்கள் கூடிய பின், 'மேற்படி'யும் கோடும் இருந்த இடந்தோறும் ஆசிரியரின் முழுப் பெயரைத் தட்டச்சுச் செய்தோம். இதனை ஒரே கட்டளையால் எல்லா இடத்தும் மாற்ற முயலுதல் ஆகாது. 'மேற்படி' என்பது இடத்துக்கு இடம் வேறு வேறு மனிதர் அன்றோ? ஒவ்வொன்றாகவே செய்தல் வேண்டும். இது முடிந்த பின்னரே அகர வரிசை, எண் நீக்கம் முதலியவற்றை நினைக்கலாம்.

அடுத்து வந்த இடர் எழுத்துருவைப் பற்றியது. இலங்கையிலே கணினியிற் தமிழ் எழுதிப் பழகியவருட் பலர் பாமினி எழுத்துருவிலே எழுதியவர்கள், முதியவரும் அவ்வாறே. பாமினியிலே திரையிற் காண்பது தமிழாயினும், உள்ளே கிடப்பது ஆங்கில விசைகளின் குறியே. 'தமிழ்' என்னும் சொல் அங்கே ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்னும் ஐந்து குறிகளாக உறைகின்றது. எழுத்துருவை நீக்கினால் அந்தக் குறிகளே வெளிப்படும். மாணவி அகர வரிசைப் பொத்தானை அழுத்தியபோதும் வேர்ட் பார்த்தது தமிழை அன்று, அந்த ஆங்கிலக் குறிகளையே. அதனாலே ககரத்தின் பின் பகரமும், பகரத்தின் பின் தகரமும், மகரத்துக்குப் பின்னே அகரமும் வந்து நின்றன. தொல்காப்பியர் கண்டால் என்ன சொல்வாரோ!

பாமினியை யுனிக்கோட் எழுத்தாக மாற்றித் தரும் மாற்றிகள் உண்டு. மாணவி முழுக் கோப்பையும் அத்தகைய ஒன்றினூடே செலுத்திவிட்டாள். ஆங்கிலப் பதிவுகள் அனைத்தும் பொருளற்ற தமிழ் எழுத்துக் குவியலாயின. தமிழ்ப் பதிவுகளிலோ காற்புள்ளி நிற்கவேண்டிய இடந்தோறும் 'இ' என்னும் எழுத்து வந்து குந்திற்று. பாமினியிலே 'இ'கரத்துக்கு உரிய விசை காற்புள்ளி விசையே. முதியவர் ஆங்கில எழுத்துருவிலே இட்ட காற்புள்ளிகளை மாற்றி 'இ' என்று படித்துவிட்டது. 'கொழும்புஇ 1968' என்று இணையத்திலும் அச்சிலும் காண்பவர்கள் இனி அதன் காரணத்தை அறிந்துகொள்க.

ஆகவே பழைய கோப்புக்கே திரும்பினோம். வேர்டின் தேடும் பகுதியிலே, சொல்லை விடுத்து எழுத்துருவைக் குறித்துத் தேடும் வசதி உண்டு. பாமினியில் உள்ளவை எவையெனத் தேடித் தமிழ்ப் பதிவுகள் 221ஐ ஒரு கோப்பிலும், ஆங்கிலப் பதிவுகள் 91ஐ மற்றொரு கோப்பிலும் பிரித்தோம். தமிழ்க் கோப்பின் காற்புள்ளிகளைச் சரிபார்த்த பின்னரே மாற்றியிடம் கொடுத்தோம். வரிசை எண் இருந்தமையால் பிரிப்பதற்கு அஞ்ச வேண்டியிருக்கவில்லை.

இனி வரிகள். ஒரு பதிவு ஒரு பந்தியாக இருத்தல் வேண்டும். தட்டச்சுப் பொறியிலே பழகிய கை, வரி முடிந்ததும் திருப்பு விசையை அழுத்தி, அடுத்த வரியின் முன்னே ஐந்தாறு வெளி விட்டு உள்ளே தள்ளும். பார்வைக்கு நன்று, மென்பொருளுக்கோ ஒரு பதிவு மூன்று பதிவாகிவிடும். இதனைத் தீர்க்க ஓர் எளிய உபாயம் உண்டு. பதிவுக்கும் பதிவுக்கும் இடையே இரண்டு திருப்பு இருக்கும்படி பார்த்துக்கொண்டு, அந்த இரட்டைத் திருப்பு ஒவ்வொன்றையும் பட்டியலில் எங்கும் வராத ஒரு குறியாக, உதாரணமாக இரண்டு உடுக்குறியாக, மாற்றுக. பின்னர் எஞ்சிய ஒற்றைத் திருப்புகளை வெளியாக மாற்றுக. இறுதியிலே உடுக்குறிகளை மீண்டும் திருப்பாக மாற்றுக. உடைந்த வரிகள் யாவும் ஒட்டிக்கொள்ளும்.

சாய்ந்த எழுத்தையும் மறத்தல் ஆகாது. கோப்பை வெறும் எழுத்தாகச் சேமிக்கும்போது சாய்வு அழிந்துபோம். கட்டுரையின் தலைப்பு எங்கே முடிகிறது, சஞ்சிகையின் பெயர் எங்கே தொடங்குகிறது என்பதற்கு இருந்த அடையாளமும் உடன் அழியும். ஆதலின் வேர்டிலே சாய்ந்த பகுதிகளைத் தேடி, அவற்றின் இருபுறமும் ஒரு குறி இட்ட பின்னரே அடுத்த படிக்குச் செல்லல் வேண்டும்.

இத்தனை முடிந்த பின், எல்லாவற்றையும் கையாலேயே அறைகளுக்குட் பிரிக்க வேண்டுமா என்று மாணவி கேட்டாள். வேண்டியதில்லை. ஐ.எஸ்.பி.என். எனப்படும் சர்வதேச நியம நூல் எண் உள்ளவற்றுக்கு, மென்பொருளிலே மந்திரக்கோல் வடிவான பொத்தானை அழுத்தி அந்த எண்ணை இட்டாற் போதும். நூலகப் பட்டியல்களிலே தேடி விவரங்களை அதுவே கொணரும். டீ.ஓ.ஐ. எண் பெற்ற சஞ்சிகைக் கட்டுரைகளுக்கும் இவ்வாறே. அந்த எண் தெரியாத ஆங்கிலக் கட்டுரைகளின் பதிவை, 2000ஆம் ஆண்டிலே தோன்றிய குறொஸ்ரெப் நிறுவனத்தின் தளத்திலே இட்டால், எண் இருப்பின் அது தேடித் தரும்.

ஆனால் இம் மந்திரக்கோலிடம் அவதானம் வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் முதலிய இடங்களிலே தமிழ் நூலின் பெயர் உரோமன் எழுத்திலே, மேலும் கீழும் புள்ளியும் கோடும் இட்டு எழுதப்பட்டிருக்கும்; அதுவே உமது பட்டியலுக்கும் வந்து சேரும். தமிழிலே வேண்டுமாயின் மீண்டும் தட்டச்சுச் செய்தல் வேண்டும். மேலும், அந்த எண் மறுபதிப்புக்கு உரியதாக இருப்பின், மறுபதிப்பின் ஆண்டே வரும். இலங்கை நூல்களின் எண்ணிலே 955 என்னும் தொகுதியை, அண்மைக் காலத்து நூல்களாயின் 624 என்பதை, காணலாம். இவ்வெண் முறை சர்வதேச நியமமானது 1970இலேயே. ஆகவே முதியவரின் பட்டியலிலே மந்திரக்கோலுக்கு மசிந்தவை சிலவே.

ஆங்கிலப் பதிவுகளுள் எஞ்சியவற்றை எனிஸ்டைல் என்னும் கருவியிடம் கொடுத்தோம். ஒரு பதிவிலே ஆசிரியர் எது, தலைப்பு எது என்பதை முன்னர்க் கண்ட மாதிரிகளைக் கொண்டு ஊகித்து அறைகளிலே பிரிப்பது அது. பெரும்பாலானவற்றைச் செவ்வனே பிரித்தது. சிலவற்றில் நகரின் பெயரை வெளியீட்டாளர் ஆக்கிற்று. தமிழ்ப் பதிவுகளை அதனிடம் கொடுத்துப் பார்த்தோம், வீண் முயற்சி. அவற்றுக்குக் கையே துணை.

தமிழ்ப் பதிவுகளுக்கு நாம் கைக்கொண்ட வழி இது. எக்செல் அட்டவணை ஒன்றிலே வகை, ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, இடம், வெளியீட்டாளர், வரிசை எண் என நிரல்கள் இட்டு, மாணவி படிக்கப் படிக்க முதியவர் சரிபார்க்கப் பதிவுகளைப் பிரித்து நிரப்பினோம். பின்னர் கலியாண அழைப்பிதழுக்கு விலாசம் அச்சிடப் பயன்படும் மெயில் மேர்ஜ் வசதியை வேர்டிலே திறந்து, அட்டவணையை ஆர்.ஐ.எஸ். என்னும் அமைப்பாக மாற்றினோம். சொட்டேரோ, எண்ட்நோட், மெண்டலே மூன்றும் விளங்கிக்கொள்ளும் அமைப்பு அது. அதிலே ஒவ்வொரு விவரமும் ஒரு வரி. வரியின் தலையிலே ஈரெழுத்துக் குறி ஒன்று. 'ரீ-வை' என்றால் வகை, 'ஏ-யூ' என்றால் ஆசிரியர், 'ரீ-ஐ' தலைப்பு, 'பீ-வை' ஆண்டு, 'சீ-வை' இடம், 'பீ-பீ' வெளியீட்டாளர். 'ஈ-ஆர்' வந்தால் அப்பதிவு முடிந்தது. இருவர் எழுதிய நூலாயின் 'ஏ-யூ' வரி இரண்டு வரும். 'என்-1' என்னும் குறிப்பு வரியிலே எமது வரிசை எண்ணை இட்டோம்.

ஈரெழுத்துக்குப் பின் இரண்டு வெளி, ஒரு சிறு கோடு, மீண்டும் ஒரு வெளி என்பது அவ்வமைப்பின் விதி. இங்கேயும் வேர்ட் ஒரு குறும்பு செய்தது: சிறு கோட்டைத் தானாகவே நீண்ட கோடாக 'அழகுபடுத்தி'விட்டது. அத்தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டே மாதிரி வரிகளை எழுத வேண்டும். முடிவிலே வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமிக்கையில், யு.ரி.எப்.-8 என்னும் குறிமுறையைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். தவறினால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறும்.

கருவிகளைப் பற்றிய சங்கதி இவ்வளவே. எம்மைக் கூடிய நேரம் இருத்தி வைத்தவை நூல்களின் இயல்பால் எழுந்த ஐயங்களே.

முதலாவது, பெயர். மேலைத்தேயத்தவரின் வழக்கைக் கருதி அமைந்த மென்பொருள், குடும்பப் பெயருக்கு ஓர் அறையும் இயற்பெயருக்கு ஓர் அறையும் வைத்திருக்கிறது. சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) அவர்களை எங்ஙனம் அதனுள் வைப்பது? 'சி' என்பது சிறுப்பிட்டி என்னும் ஊர். 'வை' என்பது தந்தையாராகிய வைரவநாதரின் பெயர். குடும்பப் பெயர் என்று ஒன்றே இல்லை. தாமோதரம்பிள்ளை என்னும் இயற்பெயரைக் காற்புள்ளிக்கு முன்னே வைத்து, முதலெழுத்துகளைப் பின்னே வைத்தோம். அவரோ ஆங்கிலத்திலே 'சீ. டபிள்யூ.' என்று எழுதப்படுபவர். தமிழ்ப் பதிவிலும் ஆங்கிலப் பதிவிலும் வரும் இவ்விருவரும் ஒருவரே என்பதை மென்பொருள் அறியாது. ஆங்கிலத்திலே தாமோதரம், டாமோடரம் என எழுத்துக்கூட்டல் மாறும்போது மூவரும் நால்வரும் ஆவர். மொழி ஒன்றுக்கு ஒரு வடிவம் என வரையறுத்து, பட்டியல் முழுவதும் அதனையே பேணினோம்.

முதலெழுத்து முன்னும் பெயர் பின்னுமாகத் தமிழ் முறைப்படியே வரவேண்டும் என்பார் சிலர். சொட்டேரோவிலே இரண்டு அறைகளை ஒன்றாக்கும் சிறு பொத்தான் உண்டு. அதனை அழுத்திப் பெயரை முழுமையாக எழுதலாம். ஆனால் அகர வரிசை முதலெழுத்தின்படி அமைந்துவிடும். முதியவர் இதனை ஏற்கவில்லை. "ஊரின் பெயரால் மனிசனைத் தேடுவதோ?" என்றார். எமக்கும் அதுவே கருத்து.

இரண்டாவது, 'பதிப்பு' என்னும் சொல். அச்சிட்டு வெளியிட்டவரையும் பதிப்பாளர் என்கிறோம். ஏடுகளை ஒப்புநோக்கி நூலைச் செப்பஞ் செய்தவரையும் பதிப்பாசிரியர் என்கிறோம். முதற் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்றும் சொல்கிறோம். முதியவர் மூன்றினையும் 'பதி.' என்றே சுருக்கியிருந்தார். அவர் அறிவார் எது எதுவென்று. மென்பொருளிலே மூன்றுக்கும் மூன்று அறை. 1887இல் வெளிவந்த கலித்தொகையைத் தாமோதரம்பிள்ளை பரிசோதித்துப் பதிப்பித்தார், இயற்றினார் அல்லர். 'ஏ-யூ' வரியிலே அவர் பெயரை இட்டால் சங்கப் புலவர்களின் பாட்டுக்கு அவரை உரியவராக்கும் பெரும் பிழை நேரும். பதிப்பாசிரியருக்கு 'ஈ-டீ' என வேறு குறி உண்டு. 'பதி.' என்றிருந்த ஒவ்வொரு பதிவையும் முதியவரிடம் கேட்டே தீர்த்தோம். ஒரு மாலை முழுதும் அதிலே சென்றது. அவர் இல்லாத காலத்திலே இப்பட்டியல் எம் கைக்கு வந்திருந்தால் என் செய்திருப்போம் என்று எண்ணிப் பார்த்தோம். அதனை வெளியிலே சொல்லவில்லை.

மூன்றாவது, ஆண்டு. பழைய நூல்களின் முகப்பிலே விரோதி வருடம், சித்திரை மாதம் என்றே இருக்கும். வருடப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒரு முறை சுழன்று வருவன. 1889இலே தொடங்கியதும் விரோதி; 1949இலே தொடங்கியதும் விரோதி. இவற்றுள் எது என்பதை அச்சகத்தின் பெயர், ஆசிரியரின் வாழ்நாள் என்பவற்றைக் கொண்டு துணிதல் வேண்டும். மேலும் சித்திரையில் தொடங்கும் வருடம் இரண்டு ஆங்கில ஆண்டுகளைத் தொடுவது. துணிந்த ஆண்டை அதற்குரிய அறையிலும், முகப்பிலே கண்ட தமிழ் வருடத்தைக் குறிப்பு வரியிலும் எழுதினோம். துணிய இயலாதவற்றுக்கு ஆண்டு அறையை வெறுமையாக விட்டோம். வெற்று அறை கண்டு மாணவி கலங்கினாள். பொய்யான ஆண்டு நிற்பதினும் அது மேல் என்று முதியவர் தேற்றினார்.

நான்காம் நாள் மாலை, முழுக் கோப்பையும் மென்பொருளுக்குள் விடுமுன், ஐந்து பதிவுகளை மட்டும் விட்டுப் பார்த்தோம். நூல் ஒன்று, சஞ்சிகைக் கட்டுரை ஒன்று, மலரில் வந்த கட்டுரை ஒன்று, ஆய்வேடு ஒன்று, இருவர் எழுதிய நூல் ஒன்று. மலர்க் கட்டுரை நூலாகப் பதிந்திருந்தது. வகைக் குறியிலே பிழை. அதனைத் திருத்தி மீண்டும் விட்டோம். ஐந்தும் சரியான பின்னரே எஞ்சியவற்றை விட்டோம்.

எண்ணிப் பார்த்தபோது 311 இருந்தன. ஒன்று குறைந்தது. மென்பொருள் ஒரு சொல்லும் சொல்லவில்லை, விழுங்கிவிட்டு வாளாவிருந்தது. வரிசை எண்களைக் கொண்டு தேடினோம். 187ஆம் பதிவின் இறுதியிலே 'ஈ-ஆர்' வரி விடுபட்டிருந்தது. அதனால் 188ஆம் பதிவு அதனோடு ஒட்டி ஒரே பதிவாகியிருந்தது. எண் இடாமலும் எண்ணிப் பாராமலும் இருந்தால், பாட்டி வைத்தியம் பற்றிய சிறு நூல் ஒன்று எவரும் அறியாமலே மறைந்திருக்கும்.

இரட்டைப் பதிவுகளைக் காட்டும் பகுதி ஒன்றும் மென்பொருளிலே உண்டு. அது காட்டுவதை எல்லாம் ஒன்றாக்கிவிடல் கூடாது. ஒரே தலைப்பிலே வேறு வேறு ஊர்க் கோயில்களுக்குப் பாடிய ஊஞ்சற் பதிகங்கள் இரட்டைகள் அல்ல.

நிற்க, அந்த இரண்டு அனாதைகள். ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிமப்படுத்தி 2005 முதல் இணையத்திலே வைத்துவரும் 'நூலகம்' திட்டத்தின் தொகுப்பிலே மாணவி இரவு முழுதும் தேடினாள். ஒன்று அகப்பட்டது, முகப்புப் பக்கத்தோடு, ஆசிரியர் பெயரோடு. அப்பெயரைக் கேட்டதும், "ஓமோம், அவரேதான்! வேட்டி கட்டிச் சைக்கிளில் வருவார்" என்றார் முதியவர்.

மற்றையது 16 பக்கப் பிரபந்தம் ஒன்று. தலைப்பும் அச்சகமும் உள்ளன, ஆசிரியர் இல்லை. முதியவர் மூன்று பெயர்களைச் சொன்னார். மூன்றினையும் தாமே மறுத்தார். ஆசிரியர் அறையை வெறுமையாக விட்டு, குறிப்பு வரியிலே '243ஆம் பதிவு. முன்பு மேற்படி என இருந்தது. ஆசிரியர் பெயர் தேடப்படுகிறது' என்று எழுதினாள் பேர்த்தி. முதியவர் அந்த வரியை வாசித்துப் பார்த்து, அச்சுப் பிரதியின் ஓரத்திலும் அதனைப் பென்சிலால் எழுதி வைத்தார்.